வேதப்புரட்டன்

பழைய தமிழ் பைபிளில் தீத்து நிருபம் 3:10-ல் வரும் சொல் இது. புரட்டு என்றாலே நமக்குப் பொய்யும் பித்தலாட்டமும்தான். கேட்டவுடன் ஏமாற்றுக்காரன் ஒருவன் கண்முன் வந்து நிற்கிறான். கிரேக்க மூலத்தில் உள்ள 'ஹைரெதிகோஸ்' அவ்வளவு கடுமையானதல்ல. 'ஹைரேசிஸ்' என்றால் தேர்வு. பிறகு, ஒருவர் தேர்ந்துகொண்ட கொள்கை, அந்தக் கொள்கைக்காரர்களின் கூட்டம். பரிசேயர், சதுசேயரை அப்போஸ்தலர் நடபடிகள் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. அங்கே வசை எதுவும் இல்லை. கலாத்தியர் 5:20-ல் பவுல் இதைக் கோபம், சண்டை ஆகியவற்றோடு அடுக்குகிறார். அங்கே தமிழ் பைபிளில் இது மார்க்கபேதம். ஆக, ஹைரெதிகோஸ் என்பவன் தவறாகப் போதிப்பவன் மட்டுமல்ல, சபையைப் பிளப்பவனும்கூட. பேதம் என்ற வேரைப் பிடித்த வீரமாமுனிவரின் 'பேதகம்' மூலத்துக்கு இன்னும் நெருக்கம் என்பேன். அவர் லுத்தரன் மிஷனரிகளை எதிர்த்து எழுதிய நூலின் பெயரே 'பேதகமறுத்தல்'. கத்தோலிக்கர் வழக்கில் 'தப்பறை' என்றும் உண்டு.

தீத்து நிருப வசனம் சொல்லும் நடைமுறை எளிது: ஓரிரு தரம் புத்தி சொல், கேட்காவிட்டால் விலகு. அடி, தண்டனை என்ற பேச்சே இல்லை. ஆனால் கி.பி. 385 வாக்கில் திரியர் நகரில் பிரிஸ்கில்லியன் என்ற பிஷப்பைச் சில பிஷப்புகளே வேதப்புரட்டன் என்று குற்றம் சாட்டி மரண தண்டனை வரை கொண்டுபோனார்கள். சபைநீக்கமே போதும் என்று பேரரசன் மாக்சிமுஸிடம் மன்றாடியவர் தூர் நகர பிஷப் மார்ட்டின். பிரிஸ்கில்லியனின் போதனையை அவர் ஏற்றுக்கொண்டவரல்ல.