லே-ஆஃப், ரிட்ரென்ச்மென்ட், ரெசிக்னேஷன்: மூன்றும் ஒன்றல்ல

"ஹஜ்ரத், லே-ஆஃப் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வேலை போய்விட்டதா?" ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்க்கும் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போகவில்லை என்பதே பதில்.

குழப்பத்திற்குக் காரணம் செய்திகள்தான். அமெரிக்க நிறுவனம் ஒன்று ஆயிரம் பேரை 'லே-ஆஃப்' செய்தது என்று படிக்கிறோம். அங்கே இன்று அச்சொல்லுக்குப் பெரும்பாலும் வேலையை விட்டே அனுப்புவது என்று பொருள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி இல்லை. மூலப்பொருள் வரவில்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது, சரக்கு தேங்கிவிட்டது போன்ற காரணங்களால் முதலாளியால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆஃப். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் சொன்ன இந்தப் பொருளை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் மாற்றவில்லை.

50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்க வேண்டும். பதிலி, கேஷுவல் தொழிலாளர்களுக்கு இது பொதுவாக இல்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குறித்த நேரத்தில் தினமும் ஒருமுறையாவது ஆலைக்குச் சென்று ஆஜராக வேண்டும். வேலை போய்விட்டது என்று நினைத்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டவர் அந்தப் பாதிச் சம்பளத்தையும் இழக்க நேரிடும். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு இவ்வளவு விலை!

(ஹனஃபி சட்ட நூல்களில் 'அஜீர் காஸ்' பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒருவருக்கென்றே அமர்த்தப்பட்ட கூலியாள் தன்னை வேலைக்கு ஒப்படைத்துவிட்டால், வேலை தரப்படாவிட்டாலும் கூலிக்கு உரியவர் என்பது அங்குள்ள விதி.)

ரிட்ரென்ச்மென்ட் என்பதுதான் ஆட்குறைப்பு. வெட்டிக் குறைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இதில் வேலை உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் இது தண்டனை அல்ல. அதனால் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குக் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் ஆகியவை உண்டு. பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும். மறுபடி ஆள் எடுக்கும்போது போனவர்களுக்கு முன்னுரிமை. ஒழுங்கு நடவடிக்கையின் முடிவில் வரும் டிஸ்மிஸல் இதிலிருந்து முற்றிலும் வேறு. 'டெர்மினேஷன்' என்பதோ எல்லா வகை முடிவுக்கும் பொதுவான சொல். கடிதத்தில் அது மட்டும் இருந்தால், என்ன காரணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

ரெசிக்னேஷன் நாமாகவே விலகுவது. இங்கே ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. விருப்ப ஓய்வும் சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. திட்டத்தில் சொன்ன தொகைதான் கிடைக்கும். 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. வெளியே இருந்து பார்த்தால் எல்லோருக்கும் வேலை போயிற்று, அவ்வளவுதான். யார் எந்தத் தாளில் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்தே ஒவ்வொருவரின் உரிமையும் அமைகிறது. 'ரிசைன் லெட்டர் கொடுத்துவிடு, செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்' என்று யாராவது சொன்னால், ஆட்குறைப்பு என்றால் எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, சேரும்போதே கவனிக்க வேண்டியது. 1961-ம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி 'அப்ரண்டிஸ்' தொழிலாளி அல்ல. அவர் வாங்குவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. 'புரொபேஷனர்' தகுதிகாண் காலத்தில் இருக்கும் தொழிலாளி. 'ஃபிக்ஸட் டேர்ம்' என்றால், குறித்த காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்புக் கணக்கில் வராது.