வாரம் ஒரு மணி நேரம்: ரோட்டரி மேசை சொல்லும் வரலாறு



சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊரில் உள்ள சேவைச் சங்கம் ஒன்று, தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தது. ஏதோ ஒரு பெரிய விழா என்று எண்ணிச் சென்றேன். விழா எதுவும் இல்லை. அவர்களின் வழக்கமான வாரக் கூட்டம்தான். குறித்த நேரத்தில் தலைவர் மேசை மணியை ஒலித்தார். பல இனத்தவர் ஏறத்தாழ இருபது பேர் உணவு உண்டபடியே அறிக்கைகளைக் கேட்டார்கள். காலந்தாழ்த்தி வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே உண்டியலில் ஒரு ரிங்கிட்டைப் போட்டார். எனக்கு இருபது நிமிடம் தந்தார்கள். சரியாக ஒரு மணி நேரத்தில் மீண்டும் மணி ஒலித்தது, கூட்டம் முடிந்தது.

வீடு திரும்பும்போது ஒரு கேள்வி மனத்தை அரித்தது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்திற்கே ஆள் சேர்க்க நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். இவர்கள் எப்படி வாரந்தோறும் கூடுகிறார்கள்? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தனிமையில் பிறந்த சங்கம்

வாராந்தரச் சேவைச் சங்கங்களுக்கு முன்னோடி ரோட்டரி சங்கம். அதைத் தொடங்கிய பால் ஹாரிஸ் ஒரு வழக்கறிஞர். வெர்மாண்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896இல் சிகாகோ நகரில் தொழில் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், நண்பர்கள் இல்லை. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த வாழ்க்கை, பெருநகரத்தில் அவருக்குக் கிட்டவில்லை.

1905 பிப்ரவரி 23ஆம் நாள் மாலை நால்வர் ஓர் அலுவலக அறையில் கூடினர். ஹாரிஸ் வழக்கறிஞர், கஸ்டவஸ் லோர் சுரங்கப் பொறியாளர், சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வணிகர், ஹைரம் ஷோரி தையல் தொழில் நடத்தியவர். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வோர் உறுப்பினரின் பணியிடத்திலும் சுழற்சி முறையில் நடத்தினர். 'சுழலுதல்' என்னும் பொருள்பட 'ரோட்டரி' என்னும் பெயர் அதனால்தான் அமைந்தது. ஒருவர் எங்கே, எப்படி உழைக்கிறார் என்பதை மற்றவர்கள் நேரில் காண அது வாய்ப்பளித்தது.

தொடக்கத்தில் அவர்களின் நோக்கம் நட்பும் ஒருவர்க்கொருவர் தொழில் உதவியும்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொண்டு என்பது பின்னர் வந்தது.

முதல் தொண்டு: பொதுக் கழிப்பறை

அப்பொழுது சிகாகோ நகர மையத்திற்கு வரும் மக்களுக்குப் பொதுக் கழிப்பறை இல்லை. ஆண்கள் மதுக்கடைக்குள் நுழைய வேண்டும்; பெண்கள் பெரிய அங்காடிகளை நாட வேண்டும். 1907இல் ரோட்டரி உறுப்பினர்கள் மற்ற அமைப்புகளையும் திரட்டிக்கொண்டு நகராட்சியிடம் முறையிட்டனர். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மது உற்பத்தியாளர்களிடமிருந்தும் அங்காடி உரிமையாளர்களிடமிருந்தும்! கழிப்பறையை நாடி உள்ளே வருபவர் ஏதாவது வாங்காமலா போவார்? அந்த வணிகம் கெடும் என்பதே அவர்களின் கவலை. ஏறத்தாழ இரண்டாண்டு முயற்சிக்குப் பிறகு நகரமன்றக் கட்டடத்தின் அருகே கழிப்பறை அமைந்தது.

பள்ளியில் பணிபுரியும் நமக்கு இச்செய்தியின் அருமை விளங்கும். கழிப்பறை சீராக இல்லாத பள்ளியில் ஒரு சிறுமி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். தொண்டு பெரும்பாலும் இத்தகைய எளிய இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருமுறை மனுக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்தால் அந்தக் கழிப்பறை வந்திராது. மீண்டும் மீண்டும் கூடியதால் அந்தக் கோரிக்கை மறக்கப்படவில்லை.

வாரம் என்னும் ஒழுங்கு

வாரந்தோறும் கூடும் வழக்கத்தை முதலில் மேற்கொண்டது 1909இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் தோன்றிய சங்கம் என்பர். பிறகு அது உலக வழக்கமாயிற்று. கூட்டத்தின் அமைப்பு எளியது: மணியோசை, உணவு, விருந்தினர் அறிமுகம், செயலாளர் அறிக்கை, ஒரு சிறப்புரை, நன்றியுரை, மீண்டும் மணியோசை. தலைவர் பதவி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாள் கைமாறும். எவரும் பல்லாண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்க இயலாது. நம்முடைய சங்கங்கள் சிலவற்றை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

வருகைக்கும் விதி இருந்தது. காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பியத்தை இழக்க நேரிடும். வெளியூர் செல்பவர் அவ்வூர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு வருகையை ஈடுசெய்யலாம். இதனால் ஈப்போ வணிகர் ஒருவர் முன்பின் அறியாத ஊரிலும் ஒரு மேசையில் உரிமையோடு உட்கார முடிந்தது. ஹாரிஸின் பழைய தனிமைக்கு இதுவே மருந்து.

மலாயாவுக்கு வந்த மேசை

ஆசியாவில் முதல் ரோட்டரி சங்கம் 1919இல் மணிலாவில் தோன்றியது. மலாயாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன். 1928 ஆகஸ்டு மாதம் மனைவியுடனும் மகளுடனும் அவர் புறப்பட்டார். சில மாதங்களில் முடிய வேண்டிய பயணம் 1931 வரை நீண்டது. மத்தியதரைக் கடல் நாடுகள் தொடங்கி ஆசியா வரை 23 சங்கங்கள் அவர் முயற்சியால் உருவாயின. 1930ஆம் ஆண்டையொட்டிக் கோலாலம்பூர், ஈப்போ, கிள்ளான், சிரம்பான், மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் சங்கங்கள் அமைந்தன.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். காலனி ஆட்சிக் காலம். ஐரோப்பியர்கள் மாலை நேரத்தைக் கழித்த கிளப்புகள் பலவற்றில் ஆசியர் உறுப்பினராக முடியாது. அத்தகைய காலத்தில் ஐரோப்பியரும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மேசையில் ஒரே உணவை உண்டு, ஒருவரையொருவர் சமமாக விளித்துப் பேசினர். இன்று இது சிறு செய்தியாகத் தோன்றலாம். அன்று இது புதுமை. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் இச்சங்கங்கள் நின்றுபோயின. போர் முடிந்த பின் மீண்டும் உயிர்பெற்றன.

மேசையில் இடம் இல்லாதவர்கள்

இவ்வளவு சிறப்புக்குப் பிறகும் வரலாற்றின் மறுபக்கத்தை நாம் சொல்லாமல் விடலாகாது. ஒவ்வொரு தொழிலுக்கும் குறிப்பிட்ட இடம் என்பது ரோட்டரியின் பழைய விதி. தொழில் என்றால் உரிமையாளர், நிர்வாகி, மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் தொழில். அந்த மேசையில் இந்தியர் இருந்தனர். ஆனால் அன்றைய இந்தியருள் பெருந்தொகையினரான தோட்டத் தொழிலாளர் அங்கு இல்லை. விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறவர், நகரத்து உணவகத்தில் ஆங்கிலத்தில் நடைபெறும் நண்பகல் கூட்டத்திற்கு எப்படி வருவார்?

அவர்களுக்கான மேசையை நம்மவர்களே அமைத்தார்கள். சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி அவர்கள் 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அதுவும் முதலில் வார இதழ்தான்! 1950களில் அவ்விதழின் வழியே மாணவர் மணிமன்றம் வளர்ந்து, இளையோரை எழுத்துக்கும் பேச்சுக்கும் பழக்கியது. ரோட்டரி மேசைக்கும் இந்த மன்றங்களுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. எனினும், தொடர்ந்து கூடுவதால்தான் சமூகம் வளரும் என்ற உண்மையை இரண்டும் உணர்ந்திருந்தன.

பெண்களின் கதை இன்னும் நீண்டது. கலிபோர்னியாவின் டுவார்டே சங்கம் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. அக்குற்றத்திற்காக 1978இல் அச்சங்கமே நீக்கப்பட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1987 மே 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 1989இல் உலக அளவில் விதி திருத்தப்பட்டது. 2022இல்தான் ஜெனிபர் ஜோன்ஸ் என்னும் கனடியப் பெண்மணி அனைத்துலகத் தலைவரானார். சங்கம் தொடங்கி 117 ஆண்டுகள் கழித்து! மேசையில் யார் உட்கார்கிறார்களோ அவர்களின் தேவைதான் முதலில் காதில் விழும். அதனால்தான் இக்கேள்வி முக்கியமாகிறது.

சிறு மேசையிலிருந்து பெரும் பணி

1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து வழங்கும் திட்டத்தை ரோட்டரி மேற்கொண்டது. 1985இல் அது உலகத் திட்டமாக விரிந்தது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணினார்கள். 1988க்குள் 24 கோடியே 70 லட்சம் டாலர் சேர்ந்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெப் முதலியவற்றுடன் இணைந்து ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். இன்று அந்த எண்ணிக்கை 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டது.

நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 1992க்குப் பின் மலேசியாவில் இந்நோய் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். 2019 டிசம்பரில் சபா மாநிலத்தின் துவாரானில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அது வந்தது. 27 ஆண்டுகள் கழித்து! தடுப்பூசி வேண்டாம் என்று தயங்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயும் ஒருமுறை விரட்டினால் ஓய்ந்துவிடுவதில்லை. தொடர்ந்து கவனிக்க வேண்டியுள்ளது.

நமக்கு என்ன?

2016இல் ரோட்டரி தன் விதியைத் தளர்த்தியது. வாரந்தோறும் கூட வேண்டியதில்லை. மாதம் இருமுறை கூடினால் போதும் என்றது. வேலைப்பளுவும் பயண நேரமும் கூடிவிட்ட காலத்தில் அது தேவையான மாற்றமே. ஆனால் நான் சென்ற சங்கம் இன்னும் வாரந்தோறும் கூடுகிறது. ஏன் என்று அங்கிருந்த மூத்த உறுப்பினர் ஒருவரிடம் கேட்டேன். "இரண்டு வாரம் பார்க்காவிட்டால் யார் நோயுற்றிருக்கிறார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது, டீச்சர்" என்றார்.

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒப்புரவைச் செய்வதற்கு முன்னர் அதை அறிய வேண்டும். அறிவதற்கு அடிக்கடி சந்திக்க வேண்டும். எந்த மாணவன் காலையில் உண்ணாமல் வருகிறான், எந்தத் தாய் இரவுப் பணிக்குச் செல்கிறார் என்பவை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தெரியவருவன அல்ல.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியுள்ளோம். வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மேசை. தேநீர் உண்டு, எந்தப் பெற்றோரும் வரலாம், ஒரு மணி நேரம் மட்டும். முதல் வாரம் மூவர் வந்தனர். இரண்டாம் வாரம் இருவர். சற்றுச் சோர்ந்துதான் போனேன். நால்வரில் தொடங்கிய சிகாகோ அறையை நினைத்துக்கொண்டு மூன்றாம் வாரமும் மேசையைப் போட்டேன். அன்று ஐவர் வந்தனர். அவர்களுள் ஒருவர், தாம் ஐந்தாண்டுகளாக மகளைப் பள்ளி வாயிலில் விட்டுச் சென்றதாகவும் உள்ளே வந்து அமர்ந்தது அதுவே முதல்முறை என்றும் கூறினார்.

உங்கள் பள்ளியிலும் ஒரு மேசை இருக்கும். அதில் இதுவரை அமராதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.