ஹஷிமா தீவு: லேசர் அளந்ததும் அளக்காததும்

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால் கல்வெட்டு, ஓலைச்சுவடி, நாணயம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். பழைய சுரங்கமும் சான்றுதான். ஜப்பானின் ஹஷிமா தீவைப் பாருங்க.

நாகசாகிக்கு அருகில் கடலில் இருக்கும் சின்னத் தீவு அது. பரப்பு 6.3 ஹெக்டர்தான். 1890இல் மிட்சுபிஷி நிறுவனம் அதை வாங்கிக் கடலடியில் நிலக்கரி வெட்டியது. ஆட்களைக் குடிவைக்க நிலம் போதவில்லை; அதனால் மாடிமேல் மாடியாகக் கட்டினார்கள். 30ஆம் எண் குடியிருப்பு 1916இல் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டால் எழுந்தது. 1959இல் 5,000க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தார்கள். 1974இல் சுரங்கம் மூடியதும் சில மாதங்களில் தீவே காலி.

அப்புறம் சூறாவளியும் உப்புக்காற்றும் வேலையைக் காட்டின. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் உப்பும். சுவரை உள்ளிருந்தே பிளக்கும். எல்லாவற்றையும் பழுதுபார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால், இருப்பதை இருக்கும்போதே அளந்து வைத்தார்கள். நாகசாகி பல்கலைக்கழகத்தார் லேசர் கருவியையும் டிரோனையும் கொண்டு தீவைப் பதிவு செய்தார்கள்.

வேலை செய்யும் விதம் எளிதுதான். கருவி லேசர் ஒளியை வீசுகிறது. அது சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து கட்டடத்தின் வடிவம் தெரியும். ஓர் இடத்திலிருந்து அளந்தால் தூணுக்குப் பின்னால் இருப்பது விடுபட்டுப் போகும். ஆகவே கருவியைப் பல இடங்களுக்கு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கூரையை டிரோன் படங்கள் பார்த்துக்கொள்ளும். இந்தப் பதிவிலிருந்து மெய்நிகர் காட்சியும் உருவாக்கலாம். தீவுக்குப் போகிறவர்கள் குறிப்பிட்ட பாதையில் மட்டுமே நடக்கலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டவரோ பூட்டிய கட்டடத்துக்குள்ளும் நுழையலாம்.

2020இல் அந்த 30ஆம் எண் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விழுந்த சுவரின் அளவு இன்று பதிவில்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. லேசருக்குச் சுவர் தெரியும், சுவருக்குள் இருந்தவர் தெரியாது. 1940களில் கொரியர்களும் சீனர்களும் இந்தத் தீவில் கட்டாய உழைப்பில் வாடினார்கள். அதே போர்க்காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2015இல் ஹஷிமா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, இந்த வரலாற்றையும் சொல்வதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. அது போதுமான அளவு நடக்கவில்லை என்று 2021இல் உலக மரபுரிமைக் குழு கடுமையாக வருந்தியது. என் பார்வையில், படம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்தும் கூடும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நினைத்துவிடுவோம், இல்லையா?

வகுப்பில் இதைச் செய்து பாருங்க. கூகல் 2013இல் எடுத்த தீவின் தெருக்காட்சியைத் திரையில் போடுங்க. மாணவர்கள் நன்றாகச் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு, "1943இல் இங்கே யார் வேலை செய்தார்கள்? படத்தில் எங்கே தெரிகிறது?" என்று கேளுங்க. தேடிப் பார்த்துவிட்டு, "தெரியலையே சார்" என்பார்கள். அங்கேயிருந்து பாடத்தைத் தொடங்குங்க.