நீரிழிவு விழித்திரை நோய்: மும்பைக் குடிசைப் பகுதி ஆய்வுகளும் அவற்றின் முன்வரலாறும்

நீரிழிவு விழித்திரை நோய் என்பது இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருப்பதால் கண்ணின் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழல்கள் பழுதாகும் நிலை. முதலில் குழல் சுவரைத் தாங்கி நிற்கும் பெரிசைட் செல்கள் அழிகின்றன. சுவர் ஆங்காங்கே புடைக்கிறது. புடைத்த இடத்தில் நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு விழித்திரையின் மையமான மாக்குலாவில் தேங்கினால் எழுத்து கலங்கும், எதிரே வருபவரின் முகம் பிடிபடாது. குழல்கள் அடைபட்டு ஆக்சிஜன் கிடைக்காத இடங்களில் புதுக் குழல்கள் முளைக்கின்றன. இவற்றுக்கு வலுவில்லை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் நிறையும். இவற்றோடு வளரும் நார்த்திசு சுருங்கினால் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். இவ்வளவும் உள்ளே நடந்துகொண்டிருக்கையில் நோயாளிக்கு வலி கிடையாது, பெரும்பாலும் மங்கலும் கிடையாது. “கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்று சொல்பவரின் கண்ணிலும் நோய் முற்றியிருக்கலாம்.

மும்பைத் தமிழர்கள் திரளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் ‘சுகர்’ என்பது அன்றாடப் பேச்சில் அடிபடும் சொல். ஆனால் சர்க்கரை வசதியானவர்களின் நோய், மாட்டுங்கா அடுக்ககங்களில் இருக்கும், தாராவிச் சந்துகளில் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு வராது என்ற எண்ணம் மருத்துவர்களிடையேகூட நெடுநாள் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் (INDIAB) ஆய்வு 2017இல் வெளியிட்ட முடிவு அதைத் தலைகீழாக்கியது: மகாராஷ்டிரம், தமிழ்நாடு, சண்டிகர் போன்ற வளர்ந்த பகுதிகளின் நகரங்களில் சர்க்கரை நோய் ஏழைகளிடமே கூடுதல். அதற்கு முன்பே மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒரு குழு கண்களை ஆராயத் தொடங்கியிருந்தது. அந்த ஆய்வின் பொருளை உணர நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் பின்னே போக வேண்டும்.

1851இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் ஆப்தால்மோஸ்கோப்பை உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே வியன்னாவின் எட்வர்ட் யேகர் சர்க்கரை நோயாளியின் மாக்குலாவில் மஞ்சள் படிவுகளையும் இரத்தக் கசிவையும் கண்டு எழுதினார். இம்மாற்றங்களுக்குச் சர்க்கரைதான் காரணம் என்பதற்குச் சான்றே இல்லை என்று அக்காலப் பெரும்புள்ளி ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே மறுத்தார். 1872இல் லண்டனின் எட்வர்ட் நெட்டில்ஷிப் திசு ஆய்வின் மூலம் தொடர்பை நிறுவினார். இருந்தாலும் இது அபூர்வ நோயாகவே இருந்தது, ஏனெனில் இன்சுலின் வருமுன் கடும் சர்க்கரை நோயாளிகள் கண் கெடும் அளவு காலம் உயிர் வாழவில்லை. 1920களில் இன்சுலின் ஆயுளை நீட்டியது. நீண்ட ஆயுளோடு குருடும் சேர்ந்து வந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகள் மருத்துவம் கைபிசைந்து நின்ற காலம். 1953இல் டேனிஷ் மருத்துவர் போல்சன், பேற்றுக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த பெண் ஒருவருக்கு விழித்திரை நோய் தணிந்ததைப் பதிவு செய்தார். அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் காக்க மூளையடிச் சுரப்பியையே அழிக்கும் சிகிச்சை பல நாடுகளில் நடந்தது. இன்று நினைத்தால் நடுக்கம் தரும் வைத்தியம்தான். வேறு வழி இல்லாதவர்கள் அதற்கும் இசைந்தார்கள்.

மாற்று வழி கிரகணத்தால் பிறந்தது. 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரைத் தழும்பைக் கண்ட ஜெர்மானியர் கெர்ஹார்ட் மேயர்-ஷ்விக்கராத், சூடு வைப்பதையே சிகிச்சையாக்கலாம் என்று எண்ணினார். முதலில் சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பி முயன்றார். பின்னர் செனான் விளக்குக் கருவி வந்தது. 1960களின் இறுதியில் ஆர்கான் லேசர் வந்தது. 1968இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஏர்லி ஹவுஸ் என்ற இடத்தில் கூடிய வல்லுநர்கள், நோயின் படிநிலைகளை ஒரே அளவுகோலால் எழுத ஒரு வகைப்பாட்டை வகுத்தார்கள். அதன் திருத்திய வடிவம் அரை நூற்றாண்டு கழித்து மும்பைக் குடிசைப் பகுதி மக்களின் கண் படங்களை மதிப்பிடப் பயன்பட்டது.

அமெரிக்காவின் நீரிழிவு விழித்திரை நோய் ஆய்வு இவ்வரலாற்றின் திருப்புமுனை. 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் ஆர்கான் லேசர் அல்லது செனான் ஒளிச் சூடு. மறு கண் ஒப்பீட்டுக்காகச் சும்மா விடப்பட்டது. 1976இல் வெளியான முதல் முடிவு, இச்சிகிச்சை கடும் பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதாகக் காட்டியது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வு முடியும் முன்பே ஆபத்திலிருந்த மறு கண்களுக்கும் சிகிச்சை அளிக்க விதி மாற்றப்பட்டது. விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகள் வைத்தால் அப்பகுதியின் ஆக்சிஜன் தேவை குறைகிறது, புதுக் குழல்கள் வாடுகின்றன. விலையாக இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையும். இரத்தம் நிறைந்துவிட்ட கண்ணுக்கு, 1970இல் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் தொடங்கிய விட்ரெக்டமி அறுவை வழி காட்டியது. 1993, 1998 ஆண்டுகளின் இரு பெரும் ஆய்வுகள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே முதல் மருந்து என்று உறுதி செய்தன.

ஆக, 1970களின் இறுதிக்குள்ளேயே இந்நோயால் வரும் குருட்டைப் பெருமளவு தடுக்கும் கருவி கையில் இருந்தது. எஞ்சிய கேள்வி, யாருடைய கண்ணை, எப்போது, யார் பார்ப்பது என்பதே. இந்தியாவின் பங்களிப்பு, என் மதிப்பீட்டில், இந்தக் கேள்விக்குச் சொன்ன விடைகளில்தான் இருக்கிறது.

தமிழகம் முன்னே சென்றது. கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார், எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். வி. மோகன், எம். ரெமா குழுவின் சென்னை ஆய்வு 2005இல் சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருப்பதாகக் கண்டது. புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களிலேயே 5.1 விழுக்காட்டினருக்கு அது வந்துவிட்டிருந்தது; சர்க்கரை என்று தெரிந்த அன்றே கண்ணைப் பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ராஜீவ் ராமன் குழுவின் சங்கர நேத்ராலயா ஆய்வு 2009இல் 18 விழுக்காடு என்றது. கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்புள்ள வேன்கள் சென்றன. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு வட்டாரத்தின் 42 கிராமங்களில் மோகன் குழு நடத்திய திட்டம் அவற்றில் பேர்பெற்றது.

இனி மும்பைக்கு வருவோம். சென்னையில் விழித்திரை சிகிச்சை பயின்ற எஸ். நடராஜன், மாட்டுங்காவை ஒட்டிய வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையை நடத்தியவர். 2013இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2016இல் ஸ்ரீநகர் சென்று பெல்லட் குண்டுகளால் விழி சிதைந்தவர்களுக்கு அறுவை செய்ததால் நாடெங்கும் அறியப்பட்டார். கண் ஆய்வு வரலாற்றில் அவர் பெயர் நிற்பது வேறொரு வேலைக்காக. அவரும் கோவிந்தசாமி குமாரமாணிக்கவேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் மும்பையின் ஏழு வார்டுகளின் குடிசைப் பகுதிகளில் 40 வயதைத் தாண்டிய 6,569 பேரைச் சர்க்கரைக்காகச் சோதித்தனர். ஆய்வு முறை 2014இலும் முடிவுகள் 2017இலும் வெளியாயின.

அழைத்தவர்களில் 98.4 விழுக்காட்டினர் சோதனைக்கு வந்தது இந்த ஆய்வின் அருமை. குடிசைப் பகுதியில் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போச்சு. வீடு வீடாக ஏறி இறங்காமல் இந்த எண் வராது. சர்க்கரை உள்ளவர்களின் கண்மணியைச் சொட்டு மருந்தால் விரித்து, ஒவ்வொரு கண்ணிலும் ஏழு பகுதிகளை முப்பரிமாணப் படமாக எடுத்து, திருத்திய ஏர்லி ஹவுஸ் முறைப்படி தரம் பிரித்தனர். சர்க்கரை நோயாளிகளில் 15.37 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருந்தது. சோதிக்கப்பட்ட மக்கள் தொகையில் 1.41 விழுக்காடு. சென்னையின் விழுக்காட்டுக்கு 15.37 மிகத் தொலைவில் இல்லை. ஏழ்மை யாரையும் இந்நோயிலிருந்து காக்கவில்லை என்பதே இதன் பொருள்.

பார்த்தது சரி, ஊர் முழுக்கத் தொடர்ந்து பார்ப்பது எப்படி? ஏழு பகுதிப் படம் எடுக்கப் பெரிய கேமராவும் பயின்ற ஆளும் வேண்டும். இங்கே செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்கத் திரட்டு ஒன்றிலிருந்தும் அரவிந்த், சங்கர நேத்ராலயா, பெங்களூரின் நாராயண நேத்ராலயா ஆகியவற்றிலிருந்தும் பெற்ற 1,28,175 படங்களைக் கொண்டு கணினிக்கு நோயை அடையாளம் காணக் கற்பித்தனர். உலகப் புகழ் பெற்ற அந்த நிரலின் பயிற்சியில் தமிழ்நாட்டு நோயாளிகளின் கண்களுக்கும் பங்குண்டு. 2018இல் சென்னையில் ஆர். ராஜலட்சுமி குழு, பெங்களூர் ரெமிடியோ நிறுவனத்தின் செல்பேசிக் கேமராவால் 296 பேரின் கண்களைப் படம் பிடித்து, வேறொரு நிரலைச் சோதித்தது. நோய் உள்ளவர்களில் 95.8 விழுக்காட்டினரை அது சரியாகக் கண்டுபிடித்தது.

மும்பைக் குழு இன்னொரு படி இறங்கியது. படத்தை இணையத்தின் வழியே எங்கோ அனுப்பாமல், செல்பேசிக்குள்ளேயே விடை சொல்லும் நிரலை எடுத்துக்கொண்டு மாநகராட்சி மருந்தகங்களான தவாகானாக்களுக்குப் போனது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரும் இடத்திலேயே, கண் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளரே படம் எடுத்தார். நடராஜன், லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் சோபா சிவபிரசாத் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட கணக்கு இது: 213 பேரில், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலையில் இருந்த அனைவரையும் கருவி பிடித்தது, அனுப்பத் தேவையில்லாதவர்களில் 88.4 விழுக்காட்டினரைச் சரியாக ஒதுக்கியது.

நூற்றுக்கு நூறு என்றதும் செய்தித்தாள்கள் மகிழும். ஆனால் அந்த 213 பேரில் உண்மையில் அனுப்பப்பட வேண்டியவர்கள் 15 பேர்தாம். இவ்வளவு சிறிய எண்ணில் கிடைத்த நூறு, உண்மையில் 78 ஆகவும் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களின் புள்ளியியல் வரம்பே சொல்கிறது. மறுபுறம், தேவையில்லாத 198 பேரில் 23 பேரை அது அலைய விட்டிருக்கும். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு ஒருவரை வீணாக அனுப்புவதற்கும் விலை உண்டு. அடுத்த முறை அழைத்தால் அவர் வரமாட்டார். இருந்தும், கண் மருத்துவரே இல்லாத தவாகானாவில் ஒரு செல்பேசி இந்த அளவுக்கு வேலை செய்தது சாதாரணமல்ல.

சிகிச்சைப் பக்கமும் இதற்குள் மாறிவிட்டிருந்தது. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரப்பதே கசிவுக்கும் புதுக் குழல்களுக்கும் காரணம் என்று 1994இல் தெளிவானது. குடற்புற்றுக்கு வந்த பெவசிசுமாப், அதாவது அவாஸ்டின், அப்புரதத்தை அடக்குவது. 2005இல் மயாமியின் பிலிப் ரோசன்ஃபெல்ட் அதைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். நான்கு மில்லி குப்பியில் ஒரு கண்ணுக்குத் தேவைப்படுவது 0.05 மில்லி. குப்பியைப் பிரித்துப் பலருக்குப் போடலாம் என்பதால் விலை பல மடங்கு இறங்கியது. இந்திய ஏழைகளுக்கு இதுவே ஊசி என்றானது. பிரிக்கும்போது தூய்மை தவறினாலோ போலி மருந்து புகுந்தாலோ கண் போகும் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. 2015இல் அகமதாபாத்தின் இண்டாஸ் நிறுவனம், அதே புரதத்தை அடக்கும் ரானிபிசுமாப் மருந்தின் மலிவு இணையை உலகில் முதலாவதாகக் கொண்டுவந்தது.

மாக்குலாக் கசிவுக்கு பெவசிசுமாப், ரானிபிசுமாப், இதே வகையைச் சேர்ந்த அஃப்லிபெர்செப்ட் ஆகியவற்றில் எந்த ஊசி நல்லது என்ற வழக்கை அமெரிக்க ஆய்வு வலையமைப்பு 2015இல் விசாரித்தது. பார்வை அதிகம் குறைந்தவர்களுக்கு அஃப்லிபெர்செப்ட் முதலாண்டில் மேல். லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்று மருந்தும் ஒன்றே. 2022இல் வந்த ஆய்வு நம் ஊருக்கு இன்னும் பொருந்தும்: மலிவான பெவசிசுமாபில் தொடங்கி, பலன் போதாதபோது மட்டும் விலை கூடியதற்கு மாறியவர்களுக்கும், முதலிலிருந்தே விலை கூடியதைப் போட்டவர்களுக்கும் இரண்டாண்டுக்குப் பின் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

லேசரா ஊசியா என்பதில் மட்டும் அமெரிக்க விடையை அப்படியே இறக்குமதி செய்வது தவறு. முற்றிய நோயில் ஊசி லேசருக்குச் சளைத்ததல்ல என்று 2015இல் நிறுவப்பட்டது உண்மை. ஆனால் அது மாதாமாதம் தவறாமல் வந்தவர்களின் கணக்கு. பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனை 2019இல், ஆறு மாதத்துக்கு மேல் வராமல் நின்றுபோனவர்களை ஆராய்ந்தது. ஊசி மட்டும் போட்டிருந்தவர்களுக்கு விழித்திரை இழுபட்டுப் பிரிவது கூடுதலாக இருந்தது. லேசர் செய்தவர்களிடம் அது மிகக் குறைவு. மழைக்கு ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பும் தொழிலாளிக்கு, ஒருமுறை வைத்த லேசர் தழும்பு நிலைத்து நிற்கும். ஊசியின் பலன் வாரக்கணக்கில் கரையும். பழைய சிகிச்சை என்று லேசரை ஒதுக்க இங்கே இடமில்லை.

சமீபத்தில் வந்தவற்றுள் கவனத்துக்குரியது ஃபெனோஃபைபிரேட். இரத்தக் கொழுப்புக்கான பழைய, மலிவான மாத்திரை. ஸ்காட்லாந்தில் தொடக்கநிலை நோயுள்ள 1,151 பேரிடம் நடந்த லென்ஸ் ஆய்வு 2024இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களிடம் நோய் முற்றுவதோ சிகிச்சை தேவைப்படுவதோ 27 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகச் செயல்பாட்டைக் கண்காணிக்காமல் இதைத் தாமாக விழுங்கக் கூடாது.

நாடு தழுவிய அளவில், ராமன், சிவபிரசாத் குழு பத்து மாநிலங்களிலும் ஓர் ஒன்றியப் பகுதியிலும் நடத்திய ஸ்மார்ட் இந்தியா ஆய்வு 2022இல் வெளியானது. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 12.5 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோயும், 4 விழுக்காட்டினருக்குப் பார்வையைப் பறிக்கும் நிலையும் உண்டு என்றது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று இந்தியாப் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது.

மும்பை வாசகர்களுக்கு: இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த உடனேயே ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும், சர்க்கரை உள்ள பெண்கள் கருவுற்ற தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். சயான், கே.இ.எம்., ஜே.ஜே. மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தச் சோதனை ஆகாது. சொட்டு விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை தெளியாது; துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.