வாசலுக்கு வெளியே நிற்கும் சட்டம்: சென்னையில் வாடகை வீடு தேடுதல்

சென்னையில் வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டு காரணங்களில் போய் முடிகிறது: வீடுகள் போதவில்லை, வாடகை கட்டுப்படியாகவில்லை. இரண்டும் உண்மைதான். 2007ஆம் ஆண்டின் சென்னையைக் களமாகக் கொண்ட செழியனின் ‘டூலெட்’ திரைப்படம், தகவல் தொழில்நுட்பத் துறையின் சம்பளம் நகரத்தின் வாடகையை எங்கே தூக்கிச் சென்றது என்பதைக் காட்டியது. ஆனால் இந்த விளக்கத்தோடு நிற்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் சுமார் 1.11 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த ஆண்டே மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1.88 கோடி என மதிப்பிட்டது. காலி வீடுகளுக்கும் வீடில்லாதவர்களுக்கும் நடுவே செங்கல், சிமெண்டு அல்லாத ஏதோ ஒன்று நிற்கிறது. யாருக்கு வீடு தரலாம் என்ற தேர்வு அதில் ஒரு பெரும் பகுதி என்பதும், நம் வாடகைச் சட்டம் அந்தத் தேர்வைத் தொடவே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நியாய வாடகையையும் வெளியேற்றத்தையும் பற்றியது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தம், அதைப் பதிவு செய்தல், வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம் ஆகியவற்றைக் கொண்டுவந்தது. பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கத்துக்கு எதிராக மூன்று மாத வாடகை என்று வரம்பும் வைத்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் என்ற விலக்கையும் கூடவே சேர்த்து, கையெழுத்துப் போடும்போது பேரம் பேசும் வலிமை இல்லாதவருக்கு அந்த வரம்பைப் பயனற்றதாக்கியது. இரு சட்டங்களும் வாடகைதாரர் என்று ஒருவர் ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டே பேசுகின்றன. வாடகைதாரர் ஆக முடியாமல் படியிறங்கிப் போனவரைப் பற்றி அவற்றில் ஒரு பிரிவும் இல்லை. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்திலும் இதே மௌனம்தான்.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை அருகில் சென்று பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் தொங்கும் ‘டூலெட்’ பலகையிலோ, புரோக்கர் சொல்லும் முதல் வாக்கியத்திலோ ‘சைவம் மட்டும்’ என்று இருக்கும். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97.65 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள் என்று காட்டியது. நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறாத ஒரு நிபந்தனை உணவைப் பற்றியது மட்டுமாக இருக்க முடியாது. சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதியைச் சலித்தெடுக்கும் வேலையை அது செய்கிறது. இதைத் தாண்டி உள்ளே போனால் ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்வி. ஊரைச் சொன்னால் ‘அங்க எந்தப் பக்கம், எந்தத் தெரு?’ வெளிப்பார்வைக்கு இது விசாரிப்பு. ஆனால் அக்கிரகாரமா, மேலத்தெருவா, காலனியா என்று தெரிந்துவிட்டால் விடையும் தெரிந்துவிடுகிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரிலிருந்து சாதிப் பட்டத்தை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு பெருமளவு அதை ஏற்றது. பெயர் காட்டாததைத் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவிக்க வேண்டியிருந்ததே, அச்சொல் முகவரி என்ற நிலையைத் தாண்டி முத்திரையாகிவிட்டதற்குச் சான்று. முஸ்லிம்களுக்கு இத்தனை கேள்விகள்கூடத் தேவைப்படுவதில்லை. பெயரைச் சொன்னதும் ‘வீடு நேத்தே போயிடுச்சு’ என்ற பதில் வந்துவிடுகிறது.

இது வெறும் மனத்தாங்கல் அல்ல என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் தில்லி தலைநகர வட்டாரத்தில் நடத்தி, 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் வெளியிட்ட ஆய்வில், வீடு கேட்ட தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாக மறுப்பு வந்தது. வேறு பலருக்கு மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனைகளோடு வீடு கிடைத்தது. அதே வட்டாரத்தில் இணையவழி விளம்பரங்களை வைத்துச் சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் செய்த 2016 ஆய்வில், முஸ்லிம் பெயர்களுக்குப் பதில் அழைப்பு தெளிவாகக் குறைந்தது. பட்டியல் சாதிப் பெயர்களுக்கு அந்த வேறுபாடு தென்படவில்லை. இம்முடிவை மறைக்க வேண்டியதில்லை. பெயரளவில் நடக்கும் முதல் கட்டத்தைத்தான் அந்த ஆய்வு அளந்தது. முகம் பார்த்துப் பேசும் கட்டம் அதற்கு அப்பால் இருக்கிறது. பெயரில் சாதி இல்லாத சென்னையில் எல்லாம் அந்த இரண்டாம் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது உரிமையாளரின் உரிமை பற்றியது. மாடியை வாடகைக்கு விட்டுக் கீழே குடியிருக்கும் முதியவருக்குத் தன் வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை இல்லையா? அரசமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றைச் சொல்கிறதே தவிர வீட்டைச் சொல்லவில்லை. 2005இல் குஜராத் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் உரிமையைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வரையறுத்த விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த வாதத்தில் ஒரு பகுதி நியாயமானது. அதற்கு இடம் கொடுத்தே சட்டம் எழுத முடியும். அமெரிக்காவின் 1968 நியாய வீட்டுவசதிச் சட்டம், உரிமையாளரே வசிக்கும், நான்கு குடித்தனங்கள் வரையிலான கட்டடத்துக்குப் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் பாகுபாடான விளம்பரத்துக்கு அந்த விலக்கைத் தரவில்லை. தனி வாழ்வுக்கும் சந்தைக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது என்பவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய விடை அது. சமையல் வாசனை ஒத்துவராது என்பவர் தம் நிபந்தனையை அந்த மட்டில் நிறுத்தட்டும். ஊரும் தெருவும் மதமும் வாசனையோடு தொடர்பில்லாத கேள்விகள்.

ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் குடியிருப்பைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் மறுப்புக்குத் தீண்டாமை காரணமாக இருந்தால்தான் அது குற்றம். ‘சைவம் மட்டும்’ என்ற பலகையும் ‘வீடு போயிடுச்சு’ என்ற பதிலும் அந்தக் காரணத்தை மறைத்துவிடுகின்றன. மதத்தால் மறுக்கப்படுபவருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வீடுகள் பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பத்து வீடுகளில் மூன்று மட்டுமே ஒருவருக்குத் திறக்கும் என்றால், அந்த மூன்றின் வாடகையையும் அட்வான்சையும் அவரால் பேரம் பேச முடியாது. தேர்வு நீடிக்கும்வரை புதிதாகக் கட்டப்படும் பத்திலும் அவருக்கு மூன்றுதான்.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது தமிழ்நாடு சட்டப்பேரவை. சாதி, மதம் காரணமாக வாடகைக்கு வீடு மறுப்பதையும், அவற்றை மறைமுகமாகச் சலிக்கும் விளம்பரங்களையும் தடைசெய்யும் ஒரு பிரிவை அதில் சேர்க்க வேண்டும். பெயரை மாற்றி இருவரை அனுப்பிச் சோதிக்கும் முறையை வாடகை நீதிமன்றம் சான்றாக ஏற்க வேண்டும். உரிமையாளர் வசிக்கும் சிறு கட்டடங்களுக்கு வேண்டுமானால் விலக்கு இருக்கட்டும். பெயரிலிருந்து சாதியை எடுத்த மாநிலம், வாசலில் கேட்கப்படும் கேள்வியிலிருந்தும் அதை எடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது.