மூன்று யென் கடன்

இன்று ஒரு ஜப்பானியச் சொல்லின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நான் உளவியல் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு இருபது வருடமாக வார்டில் வேலை பார்க்கிறவள். அதனாலேயே இந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

சொல் 'அமாயே'. இனிப்பான என்ற பொருள்கொண்ட 'அமாய்' என்ற சொல்லோடு உறவுள்ளது. ஒருவர் நம்மைத் தாங்கிக்கொள்வார் என்ற தைரியத்தில் அவர்மீது உரிமையோடு சாய்ந்துகொள்வதுதான் அமாயே. நம் பேச்சில் செல்லம் கொஞ்சுவதற்கும் சலுகை எடுத்துக்கொள்வதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

அதை உலகம் கவனிக்க வைத்தவர் தாக்கேயோ தோய் என்ற மனநல மருத்துவர். 1950-ல், தன் நாடு இன்னும் அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தபோதே, மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். அங்கே முதல்முறையாக ஒரு வீட்டுக்குப் போகிறார். பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்கிறார்கள். நல்ல பசி. ஆனாலும் வேண்டாம் என்கிறார். இன்னொரு தடவை வற்புறுத்துவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அவர்களோ, அப்படியா என்று விட்டுவிட்டார்கள்! நம் வீட்டு விருந்தாளிகளை நினைத்துப் பாருங்கள். முதல் 'வேண்டாம்' எந்த ஊரில் கணக்கில் வரும்?

இதிலிருந்து அவர் வெகுதூரம் போனார். 1971-ல் வந்த 'அமாயேயின் கட்டமைப்பு' ஜப்பானில் பெரிய விற்பனை கண்டது. 1973-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அமாயே பலிக்காதபோது என்ன ஆகிறது என்பதற்கு அவர் அடுக்கும் சொற்கள். முறுக்கிக்கொள்வது, தன்னை ஒதுக்குகிறார்கள் என்று குமைவது, மனம் கோணிப்போவது, வன்மம் வைப்பது. எல்லாமே சாய இடம் கிடைக்காத மனசின் வேலை என்கிறார். ஊடலுக்கு மூன்று அதிகாரம் ஒதுக்கி நூலையே அதில் முடித்த திருக்குறளைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆனால் இந்தச் சொல் ஜப்பானுக்கே உரியது என்று அவர் அழுத்தியது எனக்கு ஒப்பவில்லை. கொரிய விமர்சகர் லீ ஓ-யங் 1982-ல் இதைப் போட்டு உடைத்தார். கொரிய மொழியிலும் இதற்குச் சொல் உண்டு, அதுவும் ஒன்றுக்கு மேல். ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் பாலிண்ட், நேசிக்கப்பட வேண்டும் என்ற அடிப்படை ஏக்கத்தைப் பற்றி முன்பே எழுதியிருந்தார். அதைத் தோயே எடுத்துக் காட்டுகிறார்.

வார்டில் எனக்கு இது தினமும் தெரிகிறது. பத்துத் தடவை சொன்னாலும் பெல்லை அழுத்தாத பெரியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம். கேட்காமல் கையில் கொடுத்தால் ஒரே மடக்கில் குடிப்பார்கள். நாம் கேட்கும் முன்பே நம் தேவையைப் பிதா அறிவார் என்று ஞாயிறு பள்ளியில் கற்றவள் நான். ஆனால் கேட்டுவிட்டுத்தான் நோயாளியைத் தொட வேண்டும் என்பது என் தொழில். அந்த விதி நல்லது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவில்தான் எட்டு மணி நேர ஷிப்ட் ஓடுகிறது.

இலக்கியத்துக்கு வருகிறேன். நட்சுமே சோசெகியின் 'போச்சான்', 1906. அதில் கியோ என்ற வயதான வேலைக்காரி, யாருக்கும் பிடிக்காத அந்த வீட்டுப் பையனுக்கு மூன்று யென் தருகிறாள். அவன் அதைக் கழிப்பறையில் தவறவிட, அவளே மூங்கில் கழியால் எடுத்துக் கழுவி, வேறு காசாக மாற்றித் தருகிறாள். ஐந்து வருடமாகியும் அவன் திருப்பித் தரவில்லை. முடியாமல் இல்லை. தந்தால் அவளை அந்நியளாக்கியது போல ஆகிவிடும் என்று நினைக்கிறான். அதே ஆள், சக ஆசிரியர் ஒருவர் வாங்கித் தந்த ஐஸ் தண்ணீருக்கான ஒன்றரை சென்னை, சண்டை வந்ததும் அவர் மேஜையில் வைத்துவிடுகிறான். சமாதானம் ஆன பிறகுதான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.

ஜப்பானுக்கே போகாமல் ஜப்பானைப் பற்றி எழுதிய ரூத் பெனடிக்ட், 1946-ல் தன் புத்தகத்தில் இந்த இடத்தை நன்றிக்கடனுக்கு உதாரணமாக வைத்தார். தோயைப் படித்த பிறகு எனக்கு அது கடனாகத் தெரியவில்லை. கணக்கு வைக்காமல் இருப்பதற்கு ஒரே ஒரு மனுஷி அவனுக்கு இருந்தாள், அவ்வளவுதான்.

சாய்வது அவன் மட்டும் இல்லை. அவன் வேலைக்காக ஷிக்கோக்கு தீவுப் பக்கம் கிளம்பும்போது, எச்சிகோவின் மூங்கில் இலை மிட்டாய் வாங்கி வரச் சொல்கிறாள் கியோ. எச்சிகோ இருப்பது வேறு திசையில். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. கடைசியில் நிமோனியா வந்து படுத்தபோது, சாவதற்கு முந்தின நாள் அவனைக் கூப்பிட்டு இன்னொன்று கேட்கிறாள். உங்கள் குடும்பக் கல்லறை இருக்கும் கோயிலிலேயே என்னையும் புதையுங்கள், நீங்கள் வரும்வரை அங்கே காத்திருக்கிறேன் என்கிறாள். அவன் அப்படியே செய்கிறான்.