கடுக்காய் மலையிலிருந்து இறங்கின கதை

எங்க ஆரணிப் பக்கம் ஒருத்தன் ஏமாத்திட்டுப் போயிட்டா "கடுக்காய் குடுத்துட்டான்"னு சொல்லுவாங்க. பாவம் கடுக்காய். அது உழைச்ச அளவுக்கு எந்தக் காயும் உழைச்சிருக்காது.

எங்களுக்கு மேற்கே ஜவ்வாது மலை. அங்கே இருக்கிற மலையாளி மக்கள் காட்டுல சேகரிக்கிறதுல தேன், புளியோட கடுக்காயும் உண்டு. கீழே இறங்கின கடுக்காய் நாட்டு மருந்துக் கடைக்கும் போச்சு, தோல் பதனிடுற இடத்துக்கும் போச்சு. 19ஆம் நூற்றாண்டிலேயே மதராஸ் மாகாணத்துத் தோலுக்கு லண்டன்ல நல்ல கிராக்கி. ஆவாரம்பட்டைத் தண்ணியில தோலை ஊறப்போட்டு, கடைசியா கடுக்காய்த் தண்ணி காட்டி எடுப்பாங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோலால பேர் வாங்கின ஊருங்க. பின்னாடி குரோமியம் வந்துச்சு. பாலாறு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

தோலைக் கெட்டிப்படுத்துறது கடுக்காயோட துவர்ப்பு. டானின்னு சொல்றாங்க. அது புரதத்தைப் பிடிச்சு இறுக்கும். அதே துவர்ப்புதான் வாய் கொப்பளிச்சா ஈறையும் இறுக்குது. பல்லுக்கு ஆலும் வேலும்னு பெரியவங்க சொன்னதும் இதே கணக்குதான். பட்டணத்துல நிறையப் பேர் வேல்னா வேம்புன்னு நினைச்சுக்கிறாங்க. அது வேலமரம், எங்க ஏரிக்கரையில நிக்கிற கருவேலம். அதோட பட்டையும் தோல் பதனிடப் போனதுதான். ஆலம்விழுதும் துவர்ப்புதான். தோல்காரர் கையில இருந்த சரக்கும் பல் விளக்கின சரக்கும் ஒரே குணம்!

கடுக்காய், நெல்லி, தான்றி மூணும் சேர்ந்த திரிபலாவைக் குழந்தைகளுக்குக் கொப்பளிக்கக் குடுத்து நம்ம நாட்டுப் பல் மருத்துவர்களே சோதிச்சிருக்காங்க. பல்லுல படியுற அழுக்கு குறையுதுன்னு எழுதியிருக்காங்க. டாக்டர் எழுதித் தர்ற குளோரெக்சிடின் ரொம்ப நாள் போட்டா பல்லுல பழுப்புக் கறை ஏறும்.

ஆனா சொத்தை வேற விஷயம். சர்க்கரையைத் தின்னு கிருமி விடுற புளிப்புதான் பல்லை அரிக்குது. விழுந்த குழியை எந்தக் கஷாயமும் மூடாது. எங்க பாட்டி காலத்துப் பிள்ளைங்க கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் சாப்பிட்டு வளர்ந்ததுங்க. இனிப்புன்னா பொங்கல், தீபாவளிக்குத்தான். இப்போ அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட் இல்லாத பெட்டிக்கடை எந்தத் தெருவுல இருக்கு? நானும் கரும்பு போட்டவன்தான், சர்க்கரையைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனா பாட்டில் பாலை வாயில வச்சபடியே தூங்குற குழந்தைக்குக் கடுக்காய் என்ன செய்யும்?

இன்னொண்ணு. ஊர்ல இருந்து உமிக்கரி வாங்கி அனுப்பச் சொல்லிச் சிலர் கேக்குறீங்க. உமிச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா, மணலோட சாதி. பால்பல்லோட எனாமல் மெல்லிசு. அதைப் போட்டுத் தேய்க்காதீங்க.

கடுக்காய் வேணும்னா கொட்டையை நீக்கிட்டுப் பொடிச்சு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சிட்டிகை. துப்பத் தெரியாத குழந்தைக்கு, ஆறு வயசுக்குக் கீழே, எந்தக் கொப்பளிப்பும் வேணாம். 2013ல இருந்து அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைங்களைப் பார்க்குது, பல் சொத்தையும் அவங்க பட்டியல்ல இருக்கு. ஊர்ல இருக்கிற உங்க அண்ணன் தம்பி பிள்ளைங்களை அந்த நாள்ல லீவு போட விடாதீங்கன்னு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க.